எலுமிச்சங்காய் அளவு

ஒரு எலுமிச்சங்காய் அளவுதான் இருந்ததாம். நெற்றிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு மனுசனை இந்தப் பாடு படுத்தியிருக்கிறது. போன வாரம் மண்டையைத் திறந்து எடுத்துப் போட்டுவிட்டார்கள், இனி ஒரு குறையும் இல்லை, அண்ணன் பழையபடி தங்கமாகிவிடுவான் என்று நாத்தனார் ராஜகனி வருகிற போகிற ஆளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கமாம். ஜெயக்கொடி அவளுக்கு அடுத்த நாற்காலியில் டாக்டர் அறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் மகள் தாரணி. இன்றைக்கு டிஸ்சார்ஜ். டாக்டர் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லி அனுப்புவார். வார்டில் தலைக்கட்டோடு படுத்திருக்கிற சௌந்தரபாண்டியை வீட்டுக்கு அழைத்துப் போகலாம். எந்த வீட்டுக்கு, யார் பார்த்துக்கொள்வது என்று ஒருத்தரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, பெண்டாட்டி இருக்கிறாளே. போன வருசம் மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு ஒரு பையில் நாலு சேலையைத் திணித்துக்கொண்டு வெளியேறி, ஆரப்பாளையத்தில் ஒற்றை அறை பிடித்து, மெஸ்ஸில் காய் நறுக்கிக்கொண்டிருக்கிற பெண்டாட்டிதான். அதனால் என்ன, அது நோய் என்று தெரியாதபோது நடந்தது. தெரிந்த பிறகும் வரமாட்டேன் என்கிறவள் பொம்பளையா? இதையும் யாரும் சொல்லவில்லை. ஆனால் காலையிலிருந்து ராஜகனி ரெண்டு மூன்று தரம் காப்பி வாங்கிக் கொடுத்தாயிற்று, எல்லாக் காப்பியிலும் சர்க்கரையோடு இதுவும் சேர்ந்து கரைந்திருந்தது. வரமாட்டேன் என்று சொல்ல ஒரு வார்த்தைதான் வேண்டும். நேற்று வரைக்கும் அந்த வார்த்தை ஜெயக்கொடியிடம் இருந்தது. இப்போது துழாவினால் அகப்படவில்லை.

ராஜகனி மடியில் ஸ்கேன் படம். கல்யாண ஆல்பம் மாதிரி உறையிலிருந்து உருவி, எதிர் நாற்காலிக்காரம்மாவுக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

“இந்தா, வெள்ளையா தெரியுதுல்லக்கா, இதுதான். இதுதான் எங்கண்ணனை ஆட்டி வெச்சது.”

“அடப்பாவமே. எத்தனை வருசமாச் சொமந்தாரோ மனுசன்.”

“யாரு கண்டா. ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னதில்லையே, தலை வலிக்குதுன்னுகூட.”

சுமந்தாராம். ஜெயக்கொடி படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். பினாயில் போட்டுத் துடைத்த தரையில் டியூப் லைட் நீளமாகக் கிடந்தது. முதல் நாள் டாக்டர் பேனா முனையால் தன் நெற்றியைத்தான் தட்டிக் காட்டினார். இங்கதாம்மா பிரேக் இருக்கு. கோபம் எல்லாருக்கும் வரும், எனக்கும் வரும், இதுதான் அதைப் பிடிச்சு நிறுத்தும், கட்டி போட்டு அமுக்கினதுல இவருக்கு பிரேக் பிடிக்கல. தாரணி அந்த அறையிலேயே அழுதுவிட்டாள். அது துக்க அழுகை இல்லை. பரீட்சை ரிசல்ட் பார்த்துவிட்டு அழுவாளே, அந்த அழுகை. அப்ப அது எங்கப்பா இல்லதானே டாக்டர், என்று கேட்டாள். உங்கப்பா வேணும்னு எதுவும் செய்யலம்மா என்றார் அவர். நல்ல மனுசன், பொய் சொல்லத் தெரியாத முகம். மெதுவா வளர்ற ரகம், எப்ப ஆரம்பிச்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் குடும்பமே இத்தனை நாளாகத் தெம்பாக நடமாடுகிறது. எப்ப வேண்டுமானாலும் ஆரம்பித்திருக்கலாம் என்றால் ஆரம்பத்திலேயே ஆரம்பித்திருக்கலாம் இல்லையா. ஜெயக்கொடியும் நாணயமாகத்தான் முயற்சி செய்தாள், அவளை ஒன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு அடியாக வெளியே எடுத்து, அதற்குள் கட்டியை வைத்து, திரும்ப உள்ளே வைத்தாள். கல்யாணமான முதல் மாசம், பழங்காநத்தம் வீடு, புளிக்குழம்பில் உப்பு கூடிப்போய் செவிட்டில் விழுந்தது: அப்போது அது கடுகு அளவு இருந்திருக்கும். தாரணி வயிற்றில் ஆறு மாசம், பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ சொன்னதற்குச் சிரித்ததற்காக முடியைப் பிடித்துச் சுவரில் மோதியது: மிளகு. சிரிக்காமல் உம்மென்று இருந்ததற்காக வாங்கியது: அதுவும் மிளகுதான், கொஞ்சம் பெரிய மிளகு. தோள்பட்டை இறங்கிப்போன வருசம் சுண்டைக்காய். ஞாபகத்தில் கை ஓங்கும்போது கையைப் பார்க்காமல் நெற்றியைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். பாவம், உள்ளே ஏதோ அமுக்குகிறது, அவர் என்ன செய்வார். ரெண்டு ராத்திரி இதிலே நன்றாகத்தான் தூக்கம் வந்தது. மூன்றாம் நாள் ஒரு எரிச்சல் ஏறியது பாருங்கள், மெஸ்ஸில் அவள் நறுக்கின கேரட் எல்லாம் கோணல்மாணலாக வந்தது. இவ்வளவு வருசமாக அவளிடம் சொந்தமாக இருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். நகை அவர் பேரில் பேங்கில், வீடு வாடகை, மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. கோபம் மட்டும் அவள் பேரில் இருந்தது. அதையும் இப்போது யாரிடம் காட்டுவது? ஒரு எலுமிச்சங்காயிடமா? அது எங்கேயோ ஒரு பாட்டிலில் மருந்துத் தண்ணீருக்குள் கிடக்கிறதாம், டெஸ்ட் பண்ண அனுப்பியிருக்கிறார்கள். அங்கே போய் நின்றுகொண்டு நீ நல்லா இருப்பியா, நாசமாப் போயிருவ என்று மண்ணை வாரித் தூற்றவா? மன்னிக்கிறதுக்கும் எதிரே ஒரு ஆள் வேண்டும். ஆளே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

லிஃப்ட் கதவு திறந்து மணி அடித்தது, ஜெயக்கொடிக்குத் தோள் ரெண்டும் தானாக மேலே ஏறி இறங்கியது. இதற்கும் ஒரு காரணம் சொல்லியாயிற்று. இதே ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற பொண்ணு ஒன்று, தாரணி வயசுதான் இருக்கும், குடும்பத்து ஆட்களிடம் தனித்தனியாகப் பேசியது. உங்க தலைக்குள்ள பாதாம் பருப்பு மாதிரி ஒண்ணு இருக்கும்மா, ஆபத்துன்னா அது மணி அடிக்கும், உங்களுக்கு அது பல வருசமா அடிச்சு அடிச்சு இப்ப ஆபத்தே இல்லாதப்பவும் நிக்க மாட்டேங்குது என்றது. கனிவாகத்தான் சொன்னது, கையைக்கூடப் பிடித்துக்கொண்டது. அந்தக் கனிவில் மயங்கி ஜெயக்கொடி யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். மெஸ்ஸில் டிவி ஓடும். ஒரு பழைய சோப்பு விளம்பரம், எப்போதாவது பழைய படத்துக்கு நடுவில் போடுவான், சின்னப் பிள்ளைகள் லலலா என்று பாடும். அது வந்தால் கத்தி கையில் நிற்காது. பிடரி சில்லென்று ஆகும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், வெட்கத்தை விட்டுச் சொன்னால் ஒன்றுக்குப் போய்விடுமோ என்று இருக்கும். பிள்ளைகள் பாடுகிற பாட்டுக்கு யாராவது பயப்படுவார்களா? ஜெயக்கொடிக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் இருந்தது. அந்தப் பொண்ணு சிரிக்கவில்லை. அடி விழுந்த நேரத்துல பக்கத்துல எங்கயாவது அந்தப் பாட்டு கேட்டிருக்கும்மா, மூளை ரெண்டையும் முடிச்சுப் போட்டு வெச்சிருச்சு, அவ்வளவுதான், தற்செயல் என்றது. அவ்வளவுதான். அவருக்கு எலுமிச்சங்காய், அவளுக்குப் பாதாம் பருப்பு, பலசரக்குக் கடையில் வைத்துக் கட்டிக் கொடுத்த மாதிரி ஆளுக்கொரு பொட்டலம். அவர் அடித்ததும் யாரும் செய்ததில்லை, அவள் ஓடிப்போனதும் யாரும் செய்ததில்லை. ஓங்கின கை இருந்தது, வாங்கின கன்னம் இருந்தது, நடுவில் மனுசரே இல்லை. அப்படியென்றால் ஆரப்பாளையத்து அறைச் சாவியை முதல்முதலாக இடுப்பில் செருகிக்கொண்டபோது அவளுக்குள் ஒன்று நிமிர்ந்ததே, அதுவும் ஏதாவது ஒரு பருப்பா? கேட்டிருக்கலாம். அந்தப் பொண்ணுக்கு அடுத்த ஆள் காத்திருந்தது.

“பாண்டியண்ணன் மாதிரி பொறுமை யாருக்கு வரும்,” என்று ராஜகனி எதிர் நாற்காலியிடம் தொடர்ந்தாள். “அம்பது சேலையப் பிரிச்சுப் போட்டுட்டு ஒண்ணும் எடுக்காம எந்திரிச்சுப் போவாளுக. வாங்கம்மா, அடுத்த தரம் வாங்கம்மான்னு கும்பிடுவான். கடையில எல்லாரையும் கேட்டுப் பாருங்க.”

கேட்கவே வேண்டாம், உண்மை. ஜவுளிக்கடையில் பட்டு செக்‌ஷன் சூப்பர்வைசர், எத்தனையோ வருசம். ஜெயக்கொடியே மறைவில் நின்று பார்த்திருக்கிறாள். ஒரு தீபாவளிக் கூட்டத்தில் எவளோ ஒருத்தி, நீயெல்லாம் எதுக்குய்யா சேலை விக்கிற என்று எல்லார் முன்னாலும் மூஞ்சியில் அடித்த மாதிரி கேட்டாள். சௌந்தரபாண்டி சிரித்தார். அந்தச் சிரிப்பு மாறாமல் வீட்டுக்கு வந்தார். அப்படிப்பட்டவர்தான் இந்த ஆடித் தள்ளுபடியில் ஒரு அம்மா முகத்தில் சேலையைச் சுருட்டி விட்டெறிந்து, கெட்ட வார்த்தை சொல்லி, முதலாளியின் சட்டையைப் பிடித்து, மறு வாரம் கல்லாப் பக்கத்தில் வலிப்பு வந்து விழுந்தார். எங்க பாண்டியண்ணன் அப்படி ஆளே இல்லையே என்று முதலாளியே காரில் போட்டு இங்கே கொண்டுவந்தாராம். ஊரே ஆச்சரியப்பட்டது. ஜெயக்கொடி ஆச்சரியப்படவில்லை, அதுவேதான் அவளுக்குத் தெரிந்த ஆள். ஆனால் இந்த இடத்தில் ஏதோ ஒன்று இடறியது. இந்த ஆடிக்குத்தான் கடைக்கு வந்தது என்றால் அத்தனை வருசமும் அது வழியில் என்ன செய்துகொண்டிருந்தது? வீட்டுக்கு மட்டும் வந்துவிட்டு, கடை வாசலில் செருப்பைப் போட்டுவிட்டு நிற்கிற கட்டியா? நூல் முனை கையில் பட்டது, பட்டதும் நழுவிவிட்டது, ஸ்ட்ரெச்சர் ஒன்று சக்கரம் கீச்சிட்டுக்கொண்டு போனது, மேலே கிடந்த கிழவரின் வாய் திறந்தபடி இருந்தது. யோசிக்காதே ஜெயக்கொடி, யோசித்து என்ன ஆகப்போகிறது, ஒரு வார்த்தை சரி என்று சொல்லிவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். அவர் வேறு மனுசனாகக்கூட ஆகியிருக்கலாம். நேற்று வார்டில் பார்த்தபோது வெள்ளைக் கட்டுக்குக் கீழே கண் ரெண்டும் கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. சாப்பிட்டியா என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு அவள் தலை தானாக ஆடியதே, அது பயமா இரக்கமா? ரெண்டுக்கும் ஒரே பருப்பாக இருக்குமோ என்னவோ.

தாரணி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ராஜகனிக்குக் கேட்காதபடி காதருகே பேசினாள்.

“அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ பட்டதெல்லாம் எனக்குத் தெரியும்மா. ஆனா உள்ளுக்குள்ள அவர் கெட்டவர் இல்லம்மா. எனக்கு ஒரு நாளாவது மனசு நோக விட்டிருக்காரா? ஸ்கூல் விட்டு வந்தா பால் ஆத்திக் குடுத்து, டிவி முன்னாடி உக்கார வெச்சு, கார்ட்டூன் போட்டு விடுவாரு. நல்லாக் கேக்குதாடா கண்ணுன்னு கேட்டுக் கேட்டு சத்தத்தைக் கூட்டி வெப்பாரு. எனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு நடுக்கதவைச் சாத்திட்டுப் போவாரு. அந்த அப்பாதாம்மா நெசம். நீ அடி வாங்கினது அந்தக் கட்டிகிட்ட.”

ஜெயக்கொடி ஆமாம் என்று தலையை ஆட்டப் போனாள். பாதி ஆட்டத்தில் கழுத்து நின்றுவிட்டது. லலலா என்று பிள்ளைகள் பாடினார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, சாத்தின நடுக்கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, கார்ட்டூனுக்கு நடுவில், காது அடைக்கிற சத்தத்தில், சோப்பு நுரையோடு பாடினார்கள். அடுப்படியில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், பின்னால் கடிகார வாரைக் கழற்றுகிற சின்னச் சத்தம், அலமாரித் தட்டில் கடிகாரத்தைப் பத்திரமாக வைக்கிற சத்தம். கண்ணாடி உடைந்துவிடக் கூடாதே. தற்செயலா? எங்கேயாவது பக்கத்தில் கேட்டிருக்குமா? அட மூதேவி, அவரே கூட்டி வைத்தது. ஒரு சுவரை ரெண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும் வளவு வீடு அது, இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். அப்புறம் அந்தக் கரண்டு. கடவுளே, கரண்டு. பகலென்றும் ராத்திரியென்றும் இல்லாமல் கரண்டைப் பிடுங்கின அந்த வருசங்கள்! ஊரே விசிறியை ஆட்டிக்கொண்டு ஈ.பி.காரனைத் திட்டியபோது அவளுக்கு மட்டும் உடம்பு லேசாகும், ஒரு வாய் காற்று நிறைந்து உள்ளே போகும். ஏன் என்று அன்றைக்கும் தெரியாது, இந்த நிமிசம் வரைக்கும் தெரியாது. இருட்டு பிடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் சாயங்காலம், பாலைப் பொங்க விட்டு அடுப்பு நாசமாகி, அவரும் பார்த்துவிட்டு எழுந்து வந்து, சரியாக அந்த நேரம் கரண்டு போனது. அவர் அண்ணாந்து நின்றுபோன ஃபேனைப் பார்த்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார். தண்ணி குடு என்றார், குடித்தார், சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். அவளும் அடுப்பைத் துடைத்தபடி, ஏதோ புத்தி வந்துவிட்டது மனுசனுக்கு என்று உள்ளுக்குள் சாமிக்கு நன்றி சொன்னாள், அப்படியொரு மக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேலே போயிற்று. தெருவில் ஓ என்று பிள்ளைகள் கத்தின, கரண்டு வந்துவிட்டது. கார்ட்டூன் போடவாடா கண்ணு என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்து போனார். பிறகு திரும்பி வந்து கடிகாரத்தைக் கழற்றினார்.

“சௌந்தரபாண்டி வீட்டாளுங்க வாங்க,” என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

டாக்டர் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தார். மூவரையும் உட்காரச் சொன்னார். “நல்லா தேறிட்டார். மாத்திரை ஒரு வேளைகூட விடக் கூடாது. ஆறு மாசத்துக்குப் பக்கத்துலயே ஆள் வேணும். கோபம் குறைஞ்சிருக்கும், இருந்தாலும் நீங்க எதிர்த்துப் பேசாம, கொஞ்சம் அனுசரிச்சு நடந்துக்கணும். வீட்டம்மா யாரு, நீங்கதானே?”

“இவங்கதான் டாக்டர், எங்க மதினி,” என்று ராஜகனி முந்திக்கொண்டாள். “கூடவே இருந்து பாத்துக்குவாங்க.” நாற்காலிக்கு அடியில் ஜெயக்கொடியின் காலைத் தன் காலால் தட்டினாள்.

சரி என்பதுதான் வாய் வரைக்கும் வந்தது. தாரணி அவள் கையை இன்னும் விடவில்லை, வளையல் அழுந்தியது. இவளுக்கு அப்பா என்று மிச்சமிருப்பது ஒரு டம்ளர் பாலும் கார்ட்டூனும்தான். அதையும் பிடுங்குவாளா பெற்றவள்? பிடுங்க மாட்டேன். சொல்ல மாட்டேன். கேட்க மட்டும் செய்கிறேன், எனக்காக ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்.

“சார், ஒரு சந்தேகம்,” என்றாள். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. “கோவம் வந்த பிறகும் கரண்டு வர்ற வரைக்கும் பொறுத்திருக்கணும்னா, அது தலையில எந்த எடம்?”

“கரண்டா?”

“அது வர்ற வரைக்கும் பொறுத்திருக்கறது சார். ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம்.”

டாக்டருக்குப் புரியவில்லை. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிற மனுசன். “பொறுத்திருக்கறதும் இதே எடந்தாம்மா,” என்று பேனாவால் நெற்றியைத் தட்டினார். “பிரேக்குன்னு சொன்னேன்ல. அது நல்ல நிலையில இருந்தாத்தான் ஒரு ஆளால காத்திருக்க முடியும். எங்க செய்யலாம், எங்க செய்யக் கூடாதுன்னு பாத்து நடக்க முடியும்.”

“அப்ப அவருக்கு அது நல்லாத்தான் சார் இருந்துச்சு. இருபது வருசத்துக்கு மேல ரொம்ப நல்லா இருந்துச்சு. இப்ப கடையிலதான் கெட்டுப்போச்சு.”

“என்ன மதினி பேசுறீங்க, கரண்டுக்கும் கட்டிக்கும் என்ன?” என்றாள் ராஜகனி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் தூக்கம் தெளிந்த பளபளப்பு போய்விட்டது. “அம்மா, நான் கட்டியைப் பத்தித்தான் சொல்ல முடியும்,” என்றார், மெதுவாக. “அதுக்கு முந்தி இருந்ததைப் பத்தி எனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும் சார். நான் வரல. அவங்க அண்ணனை அவங்க கூட்டிட்டுப் போகட்டும்.”

ராஜகனி போட்ட கூச்சலில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நன்றி கெட்ட ஜென்மம், நோயாளியைக் கைவிட்டவள், விளங்குவியா நீ என்று வரிசையாக வந்தது. ஜெயக்கொடி எழுந்து வெளியே நடந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு வரைக்கும் வந்து முதல் படியில் உட்கார்ந்தாள். நல்லவேளை, கார்ட்டூனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கரண்டு என்றுதான் சொன்னாள். பிள்ளைக்கு அதில் என்ன விளங்கப்போகிறது.

தாரணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். 

“கரண்டுன்னு சொன்னியே, டிவிக்குத்தானேம்மா?”

ஜெயக்கொடி பதறிப்போனாள். “இல்லடி, அது வேற. உனக்காகத்தான் போடுவாரு. எத்தனையோ நாள் உனக்காகவே போட்டிருக்காரு, நான் பாத்திருக்கேன்.”

தாரணி தலையை ஆட்டினாள். அழவில்லை. தன் கை விரல்களையே பார்த்தபடி, எங்கேயோ ரொம்ப தூரத்தில் இருக்கிறதைப் படித்துச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

“அந்தச் சத்தத்துக்கு மேலயும் கேக்கும்மா எனக்கு. கேக்கும்போதெல்லாம் நானும் ரிமோட்டை எடுத்து இன்னும் கொஞ்சம் கூட்டி வெச்சுக்குவேன்.”

அவளுக்கே அது இப்போதுதான் தெரிகிறது போல வாய் திறந்தபடி இருந்தது. ஜெயக்கொடி அந்தக் கையை எடுத்துத் தன் ரெண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். விரலெல்லாம் சில்லென்று இருந்தது.